மாதவிடாய் வலி தாங்க முடியவில்லையா? வலிக்கு முந்திக்கொள்வது எப்படி

மாதம் வந்தால் ரெண்டு நாள் படுத்த படுக்கை, சுருண்டு கிடப்பது, வாந்தி, பேதி, குப்பென்று வியர்த்து மயக்கம், அப்புறம் மூன்றாம் நாள் எதுவுமே நடக்காத மாதிரி எழுந்து காலேஜுக்கோ வேலைக்கோ கிளம்புவது. இப்படி இருக்கிற பெண்களுக்காகவும், மகள் துடிப்பதைப் பார்த்து என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிற அம்மாக்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

லேசான வலி, இடுப்புக் கடுப்பு, ஒரு நாள் சோர்வு, இதெல்லாம் நிறையப் பேருக்கு இருப்பதுதான். பள்ளிக்குப் போக முடியவில்லை, நிற்க முடியவில்லை, சாப்பிட்டது தங்கவில்லை என்றால் அது பொறுத்துக்கொள்ள வேண்டிய வலி இல்லை, வைத்தியம் பார்க்க வேண்டிய வலி. "எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு, கல்யாணமானா சரியாயிடும்" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். அவர்கள் காலத்தில் அவர்களுக்கு யாரும் எதுவும் செய்து தரவில்லை, அதனால் அப்படிச் சொல்கிறார்கள். நமக்கு இப்போது வழி இருக்கிறது, அதில் பெரும்பாலானவை விலை குறைவானவை. ஆனால் எதைச் செய்தாலும் வலி உச்சிக்குப் போன பிறகு செய்தால் பாதிப் பலன்தான் கிடைக்கும். வலி வருவதற்கு முன்னாலேயே நாம் தயாராக வேண்டும், மொத்த விஷயமும் அதில்தான் இருக்கிறது.

வலி எங்கிருந்து வருகிறது

சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது புரிந்தால்தான் மாத்திரையை எப்போது போட வேண்டும் என்பது புரியும். மாதவிடாய் தொடங்கும்போது கர்ப்பப்பையின் உள்சவ்வு உரிந்து வெளியே வருகிறது. அந்தச் சவ்வில் புராஸ்டகிளாண்டின் என்ற ரசாயனம் உருவாகிறது. அதுதான் கர்ப்பப்பைத் தசையை இறுக்கிச் சுருங்க வைக்கிறது. ராத்திரியில் கெண்டைக்கால் சதை இழுத்துப் பிடித்துக்கொள்ளுமே, அந்த மாதிரி இறுக்கம்தான் இங்கேயும். ரத்த ஓட்டம் குறைந்து தசை வலிக்கிறது. கடும் வலி உள்ளவர்களுக்கு இந்தப் புராஸ்டகிளாண்டின் அதிகமாகச் சுரக்கிறது. அதுவே குடலையும் போய்த் தொடுவதால்தான் வாந்தியும் பேதியும், தலைவலியும்கூட. ஆக, நீங்கள் மிகைப்படுத்தவில்லை, உடம்பில் உண்மையாகவே நடக்கிறது.

வயதுக்கு வந்து ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து ஆரம்பித்து, உதிரப்போக்கு தொடங்குகிற நேரத்தில் வந்து, ரெண்டு மூன்று நாளில் அடங்குகிற வலி பெரும்பாலும் இந்த வகைதான், வேறு நோய் எதுவும் இருக்காது. வேறு நோயால் வருகிற வலி இன்னொரு வகை. அதைக் கடைசியில் பார்ப்போம்.

முதலில், வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு உட்காரக் கூடாத நேரங்கள்

நாள் தள்ளிப்போயிருந்து அடிவயிற்றில் திடீரென்று கடுமையாகக் குத்தினால், அதோடு மயக்கமோ தோள்பட்டை வலியோ வந்தால், கருக்குழாயில் கர்ப்பம் தங்கியிருக்கலாம். உயிருக்கே ஆபத்து, 108-ஐக் கூப்பிடுங்கள். இதுவரை இல்லாத மாதிரி ஒரு பக்கமாகத் திடீரென்று வலித்து வாந்தி நிற்காமல் வந்தால் சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம், அதற்கும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. காய்ச்சலும் துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதலும் சேர்ந்திருந்தால் கிருமித்தொற்று. ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் முழுதாக நனைந்து, அது ரெண்டு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்தால் அதுவும் அவசரம்தான்.

இன்னொன்று, அம்மாக்கள் கவனிக்க வேண்டியது. பெண்ணுக்குப் பதினான்கு பதினைந்து வயது, மற்ற வளர்ச்சியெல்லாம் வந்துவிட்டது, இன்னும் வயதுக்கு வரவில்லை, ஆனால் மாதாமாதம் அடிவயிறு வலிக்கிறது என்றால் தள்ளிப்போடாமல் காட்டுங்கள். சில பெண்களுக்குப் பிறவியிலேயே கன்னித்திரையில் வழி இல்லாமல் ரத்தம் உள்ளேயே தேங்கிக்கொண்டிருக்கும். சின்ன அறுவை சிகிச்சையில் சரியாகிவிடும்.

குறிப்பு எழுத ஆரம்பியுங்கள்

சமையலறையில் தொங்குகிற தினசரி காலண்டர் போதும், போன் இருந்தால் போன். ரத்தம் தெரிந்த நாள், வலி ஆரம்பித்த நேரம், வலி பத்துக்கு எத்தனை, எத்தனை நாப்கின், கட்டி கட்டியாகப் போனதா, என்ன மாத்திரை எத்தனை மணிக்குப் போட்டது, எவ்வளவு நேரத்தில் கேட்டது. மாதவிடாய் இல்லாத நாட்களில் வலித்தால் அதையும், மலம் கழிக்கும்போதோ சிறுநீர் போகும்போதோ வலித்தால் அதையும், மணமானவர்கள் தாம்பத்தியத்தின்போது வலித்தால் அதையும் எழுதுங்கள். எழுதக் கூச்சமாக இருந்தால் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள், உங்களுக்குப் புரிந்தால் சரி. ரெண்டு மூன்று மாதம் எழுதினாலே உங்கள் வலி எந்த மணி நேரத்தில் உச்சிக்குப் போகிறது என்று தெரிந்துவிடும். டாக்டர் முன்னால் உட்காரும்போதும் "ரொம்ப வலிக்குது டாக்டர்" என்பதைவிட இந்தத் தாள் நூறு மடங்கு பேசும்.

மாத்திரை: எது, எப்போது, எவ்வளவு

இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். "முடிஞ்ச வரைக்கும் மாத்திரை போடாம பார்ப்போம்" என்று காத்திருந்து, தாங்கவே முடியாத கட்டத்தில் ஒன்று போட்டு, அதையும் வாந்தியில் எடுத்துவிட்டு, "எனக்கு மாத்திரையே கேக்காது" என்று முடிவு செய்துவிடுகிறார்கள். மெஃபனமிக் ஆசிட், ஐபுபுரூஃபென், நாப்ராக்சன் ஆகிய மருந்துகள் புராஸ்டகிளாண்டின் உருவாவதையே தடுப்பவை. ஏற்கெனவே உருவாகி வேலையைக் காட்ட ஆரம்பித்துவிட்டதை அவற்றால் துடைத்தெடுக்க முடியாது. அதனால் லேசாக இடுப்பு கடுக்க ஆரம்பித்ததுமே, அல்லது ரத்தம் தெரிந்ததுமே முதல் மாத்திரை. தேதி தவறாமல் வருகிறவர்கள் முந்தின நாளே ஆரம்பிக்கலாம் (கர்ப்பமாக இருக்க வாய்ப்புள்ளவர்கள் மட்டும் ரத்தம் தெரிகிற வரை காத்திருங்கள்). அப்புறம், வலி வந்தால் போடுவோம் என்றில்லாமல் முதல் ரெண்டு மூன்று நாளைக்கு மணி பார்த்துப் போடுங்கள். எப்போதும் ஏதாவது சாப்பிட்டுவிட்டு. இட்லி இறங்கவில்லை என்றால் ரெண்டு பிஸ்கட், ஒரு டம்ளர் பால், அது போதும்.

அளவு. பெரியவர்களுக்கு ஐபுபுரூஃபென் என்றால் 400 மி.கி., ஆறிலிருந்து எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, டாக்டர் சொல்லாமல் ஒரு நாளைக்கு 1200 மி.கி.-ஐத் தாண்டக் கூடாது. மெஃபனமிக் ஆசிட் என்றால் 500 மி.கி., ஒரு நாளைக்கு மூன்று வேளை வரை. பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் எடை பார்த்து டாக்டர்தான் அளவு சொல்ல வேண்டும்.

நம் ஊர் மெடிக்கல்களில் மாதவிடாய் வலி என்றதும் கையில் கொடுப்பது மெஃப்டால் ஸ்பாஸ். வழக்கமான மெஃப்டால் ஸ்பாஸில் மெஃபனமிக் ஆசிட் 250 மி.கி.-யும் டைசைக்ளோமின் (தசை இறுக்கத்தைத் தளர்த்துகிற மருந்து) 10 மி.கி.-யும் இருக்கிறது. கவனியுங்கள், வலிக்கான முழு அளவில் பாதிதான் அதில் இருக்கிறது. "ஒண்ணு போட்டேன், கேக்கல" என்பதற்கு இதுவும் ஒரு காரணம். அதற்காக நீங்களாகவே ரெண்டு போடாதீர்கள். டைசைக்ளோமினும் இரட்டிப்பாகி வாய் உலர்ந்து, கண் மங்கி, தலை சுற்றும். டாக்டரிடம் இதைச் சொல்லி, மெஃபனமிக் ஆசிட் மட்டும் உள்ள 500 மி.கி. மாத்திரை எனக்குச் சரிவருமா என்று கேளுங்கள்.

ஒரே குடும்பத்து மாத்திரைகளைக் கலக்காதீர்கள். மெஃப்டால் போட்ட ரெண்டு மணி நேரத்தில் புரூஃபென், அது போதாதென்று காம்பிஃப்ளாம் (அதிலும் ஐபுபுரூஃபென்தான் இருக்கிறது) என்று அடுக்கினால் வயிற்றுக்கும் கிட்னிக்கும் கெடுதல். வயிற்றுப்புண், கிட்னிக் கோளாறு, வலிமாத்திரையால் மோசமாகிற ஆஸ்துமா உள்ளவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்கள், கர்ப்பத்துக்கு முயற்சி செய்பவர்கள் இவற்றைக் கேட்காமல் தொடக் கூடாது. அப்புறம் மழைக்காலத்தில் ஒரு எச்சரிக்கை: மாதவிடாயோடு காய்ச்சலும் இருந்து டெங்குவாக இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால் இந்த மாத்திரைகள் வேண்டவே வேண்டாம், ரத்தக்கசிவு ஆபத்து உண்டு. பாராசிட்டமால் மட்டும் போட்டுக்கொண்டு டாக்டரைப் பாருங்கள்.

மெஃபனமிக் ஆசிட்டைப் பற்றி 2023 நவம்பர் கடைசியில் இந்திய மருந்தியல் ஆணையம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது, பலர் பயந்து போனார்கள். அபூர்வமாகச் சிலருக்கு இந்த மருந்தால் கடும் ஒவ்வாமை வரலாம் என்பதுதான் விஷயம். தோலில் தடிப்பு, காய்ச்சல், நெறிகட்டுதல், அதுவும் மருந்து சாப்பிட்ட சில வாரங்கள் கழித்துக்கூட வரலாம். அப்படி ஏதாவது வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மற்றபடி மருந்து தடை செய்யப்படவில்லை, டாக்டர் எழுதிக் கொடுத்தால் சாப்பிடலாம்.

"மாத்திரை போட்டால் கர்ப்பப்பை கெட்டுவிடும், பிள்ளை பிறக்காது" என்ற பயத்தில்தான் பல அம்மாக்கள் மகளைத் துடிக்க விடுகிறார்கள். மாதத்தில் ரெண்டு மூன்று நாள் சரியான அளவில் போடுகிற வலிமாத்திரையால் அப்படி ஆவதில்லை. உதிரப்போக்கு கொஞ்சம் குறையலாம், அதில் கெடுதல் ஒன்றும் இல்லை, அழுக்கு உள்ளே தங்கிவிடும் என்பதெல்லாம் உண்மை இல்லை.

சூடு

ஒத்தடம் என்றால் பாட்டி வைத்தியம் என்று லேசாக நினைக்க வேண்டாம். 2001-இல் வெளியான ஓர் ஆய்வில், அடிவயிற்றில் 39 டிகிரி செல்சியஸ் அளவுக்குத் தொடர்ந்து சூடு வைத்தது, நாளைக்கு மூன்று வேளை ஐபுபுரூஃபென் 400 மி.கி. போட்டதற்கு நிகராகக் கேட்டது. ரெண்டையும் சேர்த்தே செய்யலாம். வெந்நீர்ப் பை இருந்தால் கொதிக்கிற தண்ணீர் ஊற்றாமல், முக்கால் பாகத்துக்குக் குறைவாக நிரப்பி, காற்றை அழுத்தி வெளியேற்றி மூடி, மேலே ஒரு துண்டு சுற்றி வையுங்கள். கரண்டில் சூடாகிற ஜெல் பை என்றால் பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் உடம்பில் வைக்க வேண்டும். ஒன்றும் இல்லையா, கல்லுப்பை வாணலியில் வறுத்து வெள்ளைத் துணியில் மூட்டை கட்டுங்கள், அருமையாக வேலை செய்யும். அடிவயிறு ஒரு தடவை, இடுப்பு ஒரு தடவை. ஒரே இடத்தில் தினமும் மணிக்கணக்கில் அதிகச் சூடு வைத்தால் தோலில் வலை மாதிரிப் பழுப்புக் கோடுகள் விழும், அதனால் தாங்குகிற சூடு போதும்.

பள்ளிக்கும் வேலைக்கும் போகிறவர்களுக்கு உள்ளாடையின் மேல் ஒட்டுகிற சூட்டு ஒட்டுகள் இப்போது கிடைக்கின்றன. டென்ஸ் என்று ஒரு சின்னக் கருவியும் உண்டு, லேசான மின் துடிப்பால் வலியைக் குறைப்பது. மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்கள் அதைப் பற்றி விசாரித்துப் பார்க்கலாம். பேஸ்மேக்கர் வைத்தவர்களும் கர்ப்பிணிகளும் கூடாது.

சாப்பாடும் கை மருந்தும்

சுக்குக்கு ஓரளவு ஆய்வு ஆதரவு இருக்கிறது, முதல் மூன்று நாள் இஞ்சியோ சுக்கோ எடுத்துக்கொண்டவர்களுக்கு வலி குறைந்ததாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. கருப்பட்டி போட்டுச் சுக்குக் காபி குடியுங்கள், வாந்தி வருகிற மாதிரி இருப்பதற்கும் நல்லது. வெந்தயம், ஓமத் தண்ணீர், பெருங்காயம் போட்ட மோர், இவையெல்லாம் உங்களுக்குச் சுகமாக இருந்தால் தாராளமாக, ஆனால் மாத்திரையை நிறுத்திவிட்டு இவற்றை மட்டும் நம்ப வேண்டாம். உளுந்தங்களி சத்தான சாப்பாடு, வலிக்கு மருந்து இல்லை. குளிர்ந்த தண்ணீர் குடித்தால் வலி கூடும், தலைக்குக் குளிக்கக் கூடாது என்பதற்கெல்லாம் ஆதாரம் எதுவும் இல்லை, வெந்நீரில் குளித்தால் இதமாகத்தான் இருக்கும்.

நிறைய ரத்தம் போகிறவர்கள் ஒரு தடவை ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. பாதிச் சோர்வும் தலைசுற்றலும் அதனால்தான் இருக்கும். இரும்புச்சத்து மாத்திரையைக் காபி டீயோடு போடாமல் எலுமிச்சை ஜூஸோடு போடுங்கள்.

வலி இருக்கிற பெண்ணைத் தனி மூலையில் வெறும் பாயில் படுக்க வைக்கிற வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. நம்பிக்கை உங்களுடையது, ஆனால் அந்த ரெண்டு நாளும் அவளுக்குத்தான் மெத்தையும் தலையணையும் பக்கத்திலேயே கழிவறையும் அதிகம் தேவை. தயவுசெய்து அதை யோசியுங்கள்.

மற்ற நாட்களில் நடை

வலி உள்ள நாளில் ஓடச் சொல்லவில்லை. மற்ற நாட்களில் வாரம் மூன்று தடவையாவது முக்கால் மணி நேரம் வேகமாக நடப்பது, யோகா, நடனம், எதுவானாலும் சரி, தொடர்ந்து செய்தால் மாதவிடாய் வலியின் கடுமை குறைகிறது என்று 2019-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் அறிக்கை சொல்கிறது. பலன் தெரிய ரெண்டு மூன்று மாதம் ஆகும்.

பள்ளி, காலேஜ், வேலை

பையில் ஒரு சின்னப் பர்ஸ் தனியாக வையுங்கள்: டாக்டர் சொன்ன மாத்திரை, பிஸ்கட், நாப்கின், மாற்று உள்ளாடை, ஒரு பாலிதீன் கவர். முதல் மாத்திரைக்கான நேரம் பஸ்ஸில் வரலாம், வகுப்பில் வரலாம், மாத்திரை வீட்டு அலமாரியில் இருந்தால் பிரயோஜனம் இல்லை. வகுப்பு ஆசிரியைக்கு ஒரு முறை சொல்லிவைப்பது நல்லது, டாக்டர் சீட்டு இருந்தால் இன்னும் நல்லது. விடுப்புக் கேட்பதில் வெட்கமே வேண்டாம். பீகார் அரசு பெண் ஊழியர்களுக்கு மாதம் ரெண்டு நாள் மாதவிடாய் விடுப்பை 1992-லேயே கொடுத்துவிட்டது, 2023-இல் கேரளத்தில் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் மாணவிகளுக்கு வருகைப்பதிவில் சலுகை தந்தது. நீங்கள் யாரும் கேட்காத ஒன்றைக் கேட்கவில்லை.

பொதுத்தேர்வு அந்தத் தேதியில் விழுகிறதா? கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் நாள் தள்ளிப்போடுகிற மாத்திரையை மெடிக்கலில் வாங்கிப் போடுவது நம் ஊரில் சர்வசாதாரணமாகிவிட்டது. அது ஹார்மோன் மருந்து, ரத்தக்கட்டு வர வாய்ப்புள்ளவர்களுக்கு ஆபத்தாகலாம். ரெண்டு மாதம் முன்பே மகப்பேறு டாக்டரிடம் போய்ப் பேசுங்கள், தாங்களாகவே வாங்காதீர்கள்.

டாக்டரிடம் போகும்போது

வலிமாத்திரையைச் சரியான நேரத்தில், சரியான அளவில், மூன்று மாதம் போட்டும் கேட்கவில்லை என்றால் போய்த்தான் ஆக வேண்டும். மாதாமாதம் வலி கூடிக்கொண்டே போனால், முன்பு இல்லாமல் இருபத்தைந்து முப்பது வயதுக்கு மேல் புதிதாக ஆரம்பித்தால், மாதவிடாய் இல்லாத நாளிலும் வலித்தால், மலம் கழிக்கும்போதோ உறவின்போதோ வலித்தால் மூன்று மாதம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

முதல் கேள்வி அநேகமாக "கல்யாணம் ஆயிடுச்சா?" என்பதாக இருக்கும். உடலுறவு உண்டா என்பதைத்தான் அப்படிக் கேட்கிறார்கள். கர்ப்பம், தொற்று ஆகியவற்றை யோசிக்கவும் எந்த ஸ்கேன் என்று முடிவெடுக்கவும் அந்தப் பதில் தேவை. அம்மா பக்கத்தில் இருப்பதால் சொல்ல முடியவில்லை என்றால், தனியாகப் பேச வேண்டும் என்று டாக்டரிடம் கேளுங்கள். மணமாகாதவர்களுக்குப் பெரும்பாலும் வயிற்றின் மேல் வைத்துத்தான் ஸ்கேன் எடுப்பார்கள், அதற்கு நிறையத் தண்ணீர் குடித்துச் சிறுநீரை அடக்கிக்கொண்டு போக வேண்டும்.

ஸ்கேனில் ஃபைப்ராய்டு கட்டி, அடினோமயோசிஸ் (கர்ப்பப்பைத் தசைக்குள்ளேயே உள்சவ்வு வளர்வது), சாக்லேட் சிஸ்ட் (சினைப்பையில் பழைய ரத்தம் தேங்கிய கட்டி) போன்றவை தெரியலாம். காப்பர்-டி போட்ட பிறகு வலி ஆரம்பித்திருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். ஆனால் ஒன்று, ஸ்கேன் நார்மல் என்று வந்தால் வலி பொய் என்று அர்த்தம் இல்லை. கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே வளர்கிற எண்டோமெட்ரியோசிஸ் உலகத்தில் கருத்தரிக்கும் வயதில் உள்ள பெண்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, அது பல பேருக்கு ஸ்கேனில் தெரிவதே இல்லை. கண்டுபிடிக்க வருடக்கணக்கில் ஆகிறது, அதற்குப் பெரிய காரணம் வலியைச் சொன்னதும் எல்லோரும் சகஜம் என்று அனுப்பிவிடுவதுதான். எனக்கு இதில் உண்மையாகவே கோபம் உண்டு.

அடுத்த கட்டம் பெரும்பாலும் ஹார்மோன் மாத்திரை. கருத்தடை மாத்திரை என்று பெயர் இருப்பதால் மணமாகாத பெண்ணுக்கு எழுதினால் வீட்டில் அதிர்ச்சி ஆகிவிடுகிறார்கள். அது உள்சவ்வை மெல்லியதாக்கி, புராஸ்டகிளாண்டினைக் குறைத்து வலியைக் கட்டுப்படுத்துகிறது, நிறுத்தினால் கருத்தரிக்கும் தன்மை திரும்ப வந்துவிடும். முதல் ரெண்டு மூன்று மாதம் இடையில் சொட்டுச் சொட்டாகப் படலாம், அதைப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். கண்ணில் மின்னல் மாதிரித் தெரிந்து வருகிற ஒற்றைத் தலைவலி, ரத்த அழுத்தம், குடும்பத்தில் ரத்தக்கட்டு, இவை இருந்தால் கண்டிப்பாக முன்கூட்டியே சொல்லுங்கள், வேறு மருந்து தருவார்கள். எண்டோமெட்ரியோசிஸ் சந்தேகம் இருந்தால் டயனோஜெஸ்ட் என்ற ஹார்மோன் மாத்திரையோ, கர்ப்பப்பைக்குள் வைக்கிற ஹார்மோன் சாதனமோ பரிந்துரைக்கலாம். அந்தச் சாதனம் காப்பர்-டிக்கு நேர் எதிர், வலியையும் ரத்தப்போக்கையும் குறைக்கும்.

உடனே லேப்ராஸ்கோபி (வயிற்றில் சின்னத் துளை போட்டுக் கேமரா விட்டுப் பார்ப்பது) என்று சொன்னால் எதற்காக என்று கேளுங்கள். எண்டோமெட்ரியோசிஸுக்காக 2022-இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டுதல், ஸ்கேனில் ஒன்றும் தெரியாதவர்களுக்கும், மருந்து கேட்காமலோ ஒத்துக்கொள்ளாமலோ போனவர்களுக்கும்தான் கண்டுபிடிப்பதற்கான லேப்ராஸ்கோபி என்கிறது, மருந்தைப் பரீட்சித்துப் பார்க்க அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. செய்துகொள்ள நேர்ந்தால், என்ன பார்த்தார்கள், எதை எடுத்தார்கள் என்ற அறுவை சிகிச்சைக் குறிப்பு, படங்கள், பயாப்ஸி ரிப்போர்ட் (எடுத்த திசுவைச் சோதித்த முடிவு) எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக் கோப்பில் வையுங்கள். இன்னொரு டாக்டரிடம் போக வேண்டிவந்தால் முதலில் கேட்பது அதைத்தான், உங்கள் காலண்டர் குறிப்பையும் அதே கோப்பில் சேர்த்து எடுத்துப் போங்கள்.